காலவரம்பில்லாத கையெழுத்து

திருவல்லிக்கேணிவாசிகள் ஆளுநர் பதவியின் வரலாற்றை அறிய நூலகம் தேடிப் போக வேண்டியதில்லை. மாலை நடைக்குப் புறப்பட்டாலே போதும். பார்த்தசாரதி கோயில் குளக்கரையிலிருந்து பாரதி சாலையைக் கடந்து வாலாஜா சாலையை அடைந்தால், வலப்புறம் கடற்கரைப் பக்கமாக ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும். இடப்புறம் அண்ணா சாலைப் பக்கமாகக் கலைவாணர் அரங்கமும் ஓமந்தூரார் தோட்டமும். நாற்பது ஆண்டுகளாக நான் நடக்கும் வழி இது. ஆளுநருக்கும் சட்டப்பேரவைக்கும் இடையிலான பிணக்கு செய்தியாக வரும் ஒவ்வொரு முறையும், ஓமந்தூரார் தோட்டத்து ராஜாஜி மண்டபத்தின் அகன்ற படிக்கட்டுகள் என் நினைவுக்கு வருகின்றன.

1753-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தோட்டத்தை மதேரோஸ் என்ற போர்த்துகீசியக் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கி, ஆளுநரின் இல்லமாக்கியது. இராபர்ட் கிளைவின் மகனான எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருந்தபோது, வானியலாளர் ஜான் கோல்டிங்காமின் வடிவமைப்பில் 1802-இல் விருந்து மண்டபம் எழுந்தது. பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெற்ற வெற்றிகளுக்கான நினைவுச் சின்னம் அது. 1948-இல் ராஜாஜி இந்தியத் தலைமை ஆளுநரானதையொட்டி அவர் பெயரைப் பெற்றது. ஆளுநரின் இருப்பிடம் கிண்டிக்கு மாறிவிட்டது. பழைய இல்லமும் புதிய சட்டப்பேரவை வளாகத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டது. 2010-இல் திறக்கப்பட்ட அந்தப் பேரவை வளாகம் இன்று பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை. கட்டடங்கள் மாறிவிட்டன. ஆனால், அங்கே முளைத்த ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை: ஆளுநர் யாருக்குப் பொறுப்பானவர்?

முகவரும் முதலாளியும்

பொருளியல் மாணவர்களுக்கு 'உரிமையாளர் – முகவர் சிக்கல்' என்ற பாடத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கடையின் முதலாளி வெளியூரில் இருக்கிறார்; கல்லாவில் அமர்ந்திருப்பவர் கணக்குப்பிள்ளை. முதலாளியின் நலனும் கணக்குப்பிள்ளையின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. முதலாளிக்கு எல்லாம் தெரிவதும் இல்லை. இந்த இடைவெளியிலிருந்தே எல்லாக் கோளாறுகளும் பிறக்கின்றன. இதற்குச் சென்னையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. 1640-இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபோது அதன் தலைவரின் பதவிப் பெயரே 'ஏஜென்ட்' என்பதுதான். ஆளுநர் என்ற பெயர் பின்னர் வந்தது.

அந்தக் காலத்து முதலாளிகள் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள். ஒரு கடிதம் கப்பலேறிப் போய்ப் பதில் வருவதற்குள் ஓராண்டு கழிந்துவிடும். இந்தத் தொலைவைப் பயன்படுத்திச் சொந்த வணிகத்தில் பொருள் குவித்தவர்களுள் ஒருவர், 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேல். பதவியிலிருந்து அகற்றப்பட்ட அவரது பெயர், அவர் அளித்த நன்கொடையால் அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பிகோ பிரபுவின் கதை இதைவிடத் துலக்கமானது. தஞ்சையை 1773-இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கைப்பற்றியிருந்தார். அதை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பித் தர வேண்டும் என்ற இயக்குநர்களின் ஆணையோடு, இரண்டாம் முறை ஆளுநராகச் சென்னை வந்தார் பிகோ. ஆனால், சேப்பாக்கம் அரண்மனையில் இருந்த நவாபுக்குக் கம்பெனி அலுவலர்கள் பலர் பெரும் வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தனர். பால் பென்ஃபீல்ட் போன்றவர்கள் தஞ்சை வயல்களின் விளைச்சலையே தங்கள் கடனுக்கு ஈடாகக் கருதினர். தஞ்சை கைமாறினால் கடன் மூழ்கிவிடும். 1776 ஆகஸ்ட் 24 அன்று, தலைமை தாங்கிய ஆளுநரையே அவரது ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினர் கைது செய்துவிட்டனர். லண்டன் பிறப்பித்த விடுவிப்பு ஆணை சென்னைக்கு வந்து சேர்வதற்கு முன், 1777 மே மாதத்தில், பிகோ காவலிலேயே மரணமடைந்தார். இந்த நவாப் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது.

அண்ணா சாலையில் குதிரை மீது வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ (1820–1827) வேறு வகையினர். பாரமகாலில் வரி வசூல் பணியில் ஆண்டுக் கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி நிலத்தையும் குடியானவரையும் அறிந்தவர்; ரயத்துவாரி முறைக்கு வடிவம் கொடுத்தவர். விடைபெறும் பயணத்தின்போது பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். சார்லஸ் டிரெவிலியன், கல்கத்தாவின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860-இல் கொண்டுவந்த வருமான வரியைச் சென்னை ஆளுநராக இருந்தபடியே எதிர்த்தார். தம் எதிர்ப்புக் குறிப்பை நாளிதழ்களிலும் வெளியிட்டார். அதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டார். மக்கள் மீது சுமத்தப்படும் வரியை எதிர்த்ததற்காகப் பதவி இழந்த ஆளுநர் என்று அவரைச் சொல்லலாம்.

இவர்களுள் நல்லவரும் உண்டு, அல்லாதவரும் உண்டு. ஆனால், ஒரு பொதுத்தன்மை உண்டு: இவர்கள் அனைவரும் உண்மையிலேயே ஆண்டார்கள். எனவே புகழும் பழியும் அவர்களுடையவை. அதிகாரம் மக்களின் பிரதிநிதிகளுக்குக் கைமாறத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பதவியின் சிக்கல் புதிய வடிவம் எடுத்தது.

விருந்து மண்டபத்தில் கூடிய பேரவை

1919-ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தது. கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் அமைச்சர்களிடம். நிதி, காவல் போன்றவை ஆளுநரிடம். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி முதலிடம் பெற்றும் அமைச்சரவை அமைக்க மறுத்தபோது, ஆளுநர் கோஷன் பிரபு சுயேச்சையான ப. சுப்பராயனை முதலமைச்சராக்கினார். நியமன உறுப்பினர்களின் ஆதரவு அந்த அமைச்சரவையைத் தாங்கி நின்றது. மக்கள் தராத பெரும்பான்மையை நியமனத்தின் மூலம் உருவாக்க முடியும் என்பதை ஆளுநர் மாளிகை அன்றே கற்றுக்கொண்டது.

1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1937-இல் நடந்த தேர்தலில், சென்னை மாகாணப் பேரவையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்றது. வென்ற கட்சி உடனே பதவி ஏற்கவில்லை. அமைச்சரவையின் அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தம் தனி அதிகாரங்களைக் கொண்டு குறுக்கிட மாட்டார் என்ற உறுதிமொழியை முதலில் கேட்டது. உறுதி கிடைக்கும்வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவை பெயரளவுக்கு நடந்தது. வைஸ்ராய் லின்லித்கோவின் விளக்கத்துக்குப் பின், ஜூலை 14 அன்று ராஜாஜி பதவி ஏற்றார். பேரவை முதலில் செனட் மண்டபத்திலும், 1938 ஜனவரி முதல் ஆளுநரின் விருந்து மண்டபத்திலும் கூடியது. வெற்றிக் கொண்டாட்டத்துக்காகக் கட்டிய கூடத்தில் மக்களின் பிரதிநிதிகள் வரவு செலவுத் திட்டத்தை விவாதித்தார்கள். 1939-இல் அமைச்சரவை விலகியதும் ஆட்சி மீண்டும் ஆளுநரின் கைக்குப் போயிற்று; 1946 வரை அவரிடமே இருந்தது.

1937-இல் சென்னையில் எழுந்த கோரிக்கை என்ன? ஆளுநருக்கு எழுத்தில் உள்ள அதிகாரத்தை அவர் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும் என்பது. சட்டத்தை மாற்றவில்லை; வாக்குறுதி மட்டும் பெறப்பட்டது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இன்றைய சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அரசமைப்பு அவையின் தேர்வு

சுதந்திர இந்தியாவின் ஆளுநர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே முதல் எண்ணம். 1947-இல் வல்லபபாய் பட்டேல் தலைமையிலான மாகாண அரசமைப்புக் குழு, வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் நேரடித் தேர்தலைப் பரிந்துரைத்தது. 1949 மே மாத இறுதியில் அரசமைப்பு அவை அதைக் கைவிட்டு, குடியரசுத் தலைவரின் நியமனத்தை ஏற்றது. காரணங்கள் அற்பமானவை அல்ல. மக்கள் வாக்கால் வந்த ஆளுநரும் மக்கள் வாக்கால் வந்த முதலமைச்சரும் ஒரே மாநிலத்தில் இரண்டு வாள்களாக மோதுவார்கள் என்ற அச்சம் இருந்தது. பிரிவினையின் காயம் ஆறாத நேரத்தில் ஒன்றியத்தின் ஒருமைப்பாடு முதன்மையாகத் தெரிந்தது. ஆளுநருக்குத் தாமாக ஆற்றும் பணிகள் இல்லை, கடமைகள்தாம் உண்டு என்று அம்பேத்கர் விளக்கினார். அதிகாரமில்லாத பதவிக்குத் தேர்தல் எதற்கு என்பது அவர்களின் தர்க்கம்.

எழுத்திலும் சில மாற்றங்கள் வந்தன. மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவது குறித்து 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 'தம் விருப்புரிமைப்படி' என்ற சொற்கள், அரசமைப்பின் 200-ஆவது பிரிவில் இடம்பெறவில்லை. அதன்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம். குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைக்கலாம். பண மசோதா அல்லாதவற்றைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். பேரவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. திருப்பி அனுப்புவதானால் 'கூடிய விரைவில்' அனுப்ப வேண்டும். நாளோ மாதமோ குறிக்கப்படவில்லை.

அடுத்த பிரிவான 201-ஐப் படிப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பச் செய்தால், சட்டப்பேரவை அதை ஆறு மாதங்களுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அங்கே திட்டவட்டமாகக் கூறப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்குக் கெடு உண்டு. நியமனம் பெற்றவருக்குக் கெடு இல்லை. அரசமைப்பை வகுத்தவர்கள் ஆளுநரின் நாகரிகத்தை நம்பினார்கள். நம்பியது பிழையன்று, நம்பிக்கை பொய்த்தால் என்ன செய்வது என்பதை எழுதாமல் விட்டதுதான் பிழை.

ஒரு கதவு மூட, மறு கதவு திறக்க

அந்த நம்பிக்கை விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 1952-இல் முதல் பொதுத்தேர்தலில் சென்னைப் பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. டி. பிரகாசம் தலைமையில் ஒன்றுதிரண்ட எதிர்க்கட்சிகள் பெரும்பான்மைக்கு உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் போட்டியிடாத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1937-இல் ஆளுநரின் தலையீடு கூடாது என்று உறுதிமொழி பெற்றுப் பதவி ஏற்ற அதே தலைவர், பதினைந்து ஆண்டுகளில் ஆளுநரின் நியமனத்தால் முதலமைச்சரானார். ராஜாஜியின் திறமையில் யாருக்கும் ஐயம் இல்லை. வழிமுறை பற்றிய ஐயம் இன்றும் தீரவில்லை.

பின்னர் 356-ஆவது பிரிவின் காலம் வந்தது. 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி அறிவிக்கப்பட்டது. 1991-இல் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா, ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கையை அனுப்ப மறுத்தார். ஆளுநரின் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' கிடைக்கும் தகவல் என்ற சொற்களைப் பற்றிக்கொண்டு ஒன்றிய அரசு கலைப்பை நடத்தியது. பிகாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா பதவி விலகினார். 2004-இல் அவர் மீண்டும் தமிழ்நாட்டின் ஆளுநராக வந்தது தனிக்கதை. மனசாட்சியுள்ள ஓர் ஆளுநராலும் அமைப்பின் குறையை ஈடுகட்ட முடியாது என்பதே இதன் பாடம்.

1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் பேரவையே என்றும் கலைப்பு ஆணை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் தெளிவுபடுத்தியது. அதன்பின் கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன. அப்படிக் கெடுபிடி வந்த இடத்தில் மோதல் தணிந்தது. கெடு இல்லாத 200-ஆவது பிரிவுக்கு இடம்பெயர்ந்தது. எங்கே வரம்பு எழுதப்படவில்லையோ, அங்கேதான் அதிகாரம் வேர்விடும் என்பது பொருளியலுக்கும் பொதுவான விதி.

காத்திருப்பின் விலை

2022 ஏப்ரலில் துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. நிலுவையில் இருந்த 10 மசோதாக்களை ஆளுநர் 2023 நவம்பரில் திருப்பி அனுப்பினார். பேரவை அதே மாதம் 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் மீண்டும் நிறைவேற்றியது. பத்து நாளில் அவை குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று, நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்தச் செயல் சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறியது. 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று அறிவித்து, ஆளுநருக்குக் கால வரையறைகளையும் வகுத்தது. மே மாதத்தில் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது என்றும், 'கருதப்படும் ஒப்புதல்' என்ற கருத்து ஏற்கத்தக்கதல்ல என்றும் கூறியது. அதே வேளையில், விளக்கமின்றி நீண்ட காலம் செயலற்றிருந்தால் முடிவெடுக்குமாறு ஆளுநருக்கு உத்தரவிடலாம் என்றது.

நீதிமன்றம் இரண்டு முறை பேசிய பிறகும் 'கூடிய விரைவில்' என்றால் எத்தனை நாள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்தக் கேள்விக்கு விலை கொடுப்பவர்கள் ஆளுநரும் அல்லர், அமைச்சர்களும் அல்லர்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபுவே முதல் வேந்தர். அன்று முதல் ஆளுநரே வேந்தர் என்ற மரபு தொடர்கிறது. இது அரசமைப்பு தந்த அதிகாரம் அன்று. 1923-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்கள் தந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. தேடல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இடம்பெற வேண்டும் என்றார் வேந்தர். மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது அரசு. நாற்காலி காலியாகவே இருந்தது. ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைப் பார்த்துவந்தது.

என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் உண்டு. அவர் பெயரோ அவர் பதிவு செய்திருந்த பல்கலைக்கழகமோ இங்கே தேவையில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்தும் பட்டமளிப்பு விழா தள்ளிக்கொண்டே போனதால் முனைவர் பட்டத்தின் மூலச் சான்றிதழ் அவர் கைக்கு வரவில்லை. தற்காலிகச் சான்றிதழை ஏற்க மறுத்த ஓர் ஆய்வு நிறுவனம், இரண்டு முறை அவகாசம் கொடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்கு அளித்தது. “விழாத் தேதியை யார் சார் முடிவு செய்வாங்க?” என்று அவர் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்தவனிடம் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அதே வேந்தர் பதவியில் இருந்த ஓர் ஆளுநரின் கையிலிருந்துதான் நானும் என் பட்டத்தைப் பெற்றேன். அன்று அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். தாமதமாக வரும் சான்றிதழும் அப்படித்தான்.

மறுதரப்பின் வாதத்தையும் புறந்தள்ள முடியாது. நியமன அதிகாரம் மாநில அரசின் கைக்கு மாறினால் பல்கலைக்கழகங்கள் தூய்மையாகிவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் அனுபவமற்றவன் அல்லன். துணைவேந்தர் பதவியைக் கட்சிக் கணக்கில் பார்ப்பவர்கள் கோட்டையிலும் உண்டு. குஜராத் போன்ற மாநிலங்களில் அரசுக்கு இந்த அதிகாரம் இருந்திருக்கிறது என்பது சட்ட வாதமே தவிர, தரத்துக்குச் சான்று ஆகாது. அரசின் அவசரச் சட்டங்களுக்கு நிதானம் தரும் ஒரு கண் தேவை என்ற வாதமும் நியாயமானதே. ஆனால், நிதானம் வேறு, நிறுத்திவைப்பு வேறு. காரணம் எழுதித் திருப்பி அனுப்புவது நிதானம். காரணம் சொல்லாமல் மேசையில் வைத்திருப்பது நிறுத்திவைப்பு. முன்னதற்கு அரசமைப்பில் இடமுண்டு. பின்னதற்கு இடமில்லை, ஆனால், தடையும் எழுதப்படவில்லை.

எழுத வேண்டியதை எழுதுவோம்

தீர்வுகள் புதியவை அல்ல. 1969-இல் தமிழ்நாடு அரசு அமைத்த இராஜமன்னார் குழுவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் பணியாற்றிய ஏ. லட்சுமணசாமி முதலியார் ஓர் உறுப்பினர். ஆளுநர் நியமனத்தில் மாநில அமைச்சரவையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அக்குழு 1971-இல் கூறியது. தீவிர அரசியலில் அண்மைக் காலத்தில் ஈடுபடாதவர்களையே நியமிக்க வேண்டும் என்றது 1988-இல் சர்க்காரியா ஆணையம். மசோதா மீது ஆளுநர் ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும், பல்கலைக்கழக வேந்தர் போன்ற பொறுப்புகளை அவர் மீது சுமத்தக் கூடாது என்று 2010-இல் புஞ்சி ஆணையம் பரிந்துரைத்தது. எல்லாம் அலமாரியில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. செய்யக்கூடிய ஒன்று உண்டு. 201-ஆவது பிரிவில் பேரவைக்கு விதித்த அதே ஆறு மாதக் கெடுவை, 200-ஆவது பிரிவில் ஆளுநருக்கும், 201-இல் குடியரசுத் தலைவருக்கும் விதிக்கும் ஓர் அரசமைப்புத் திருத்தம். நீதிமன்றம் எழுத முடியாது என்று சொன்னதை நாடாளுமன்றம் எழுத முடியும். எந்தக் கட்சியின் ஆட்சிக்கும் இது எதிரானதன்று. இன்று ஒன்றியத்தில் இருப்பவர் நாளை ஒரு மாநிலத்தில் மட்டும் ஆளும் நிலைக்கு வரலாம் என்பதை 1967-க்குப் பிந்தைய இந்திய வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, ஆளுநரையும் அரசையும் ஒருசேர விலக்கி வைக்கும் சுதந்திரமான தேடல் குழுவே என் தேர்வு. அந்தக் குழுவுக்கும் ஒரு கெடு வேண்டும்.

ஆளுநரின் வெற்றியைக் கொண்டாடக் கட்டிய மண்டபத்தின் படிக்கட்டுகளில்தான் அண்ணாவும் காமராஜரும் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் கருணாநிதியும் மக்களின் இறுதி அஞ்சலியைப் பெற்றார்கள். அந்த வரிசைகளில் சிலவற்றில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே திரண்ட மக்கள் யாரைத் தங்கள் ஆட்சியாளர்களாக ஏற்றார்கள் என்பதில் ஐயமே இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த அவை நிறைவேற்றிய ஒரு சட்டத்துக்கு 'சரி' என்றோ 'மீண்டும் பாருங்கள்' என்றோ சொல்ல, ஆறு மாதம் யாருக்கும் குறைவான காலமன்று.